பொறியியல் அறிஞர் ஆல்பிரெட் பியூக்கி

போரில் வென்ற வேந்தரையும் நாவன்மையால் நாடாண்ட தலைவரையும் உலகம் எளிதில் மறப்பதில்லை. பட்டறையிற் கரிபடிந்த கையினராய் நின்று மாந்தர்தம் உழைப்பை எளிதாக்கிய அறிஞரையோ அது பெரிதும் நினைப்பதில்லை. சுமையேற்றி மலைமீதேறும் லாரியும், ஆழ்கடல் கடக்கும் கப்பலும், நெடுஞ்சாலையில் விரைந்தோடும் காரும் இன்று டர்போசார்ஜர் என்னுங் கருவியால் தத்தம் வலிமையைப் பெருக்கிக்கொள்ளுகின்றன. அக்கருவியை உலகிற்கு ஈந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டினராகிய ஆல்பிரெட் பியூக்கி என்பார். இலக்கியம் பயிலும் மாணவன் இயந்திரத்தைப்பற்றி எழுதப் புகுவது ஏனென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். காலமறிதலின் சிறப்பை நம் நூல்களிற் படித்திருக்கின்றோம். அதனை இரும்பில் நிறுவிக் காட்டிய ஒருவரது வரலாறாக இஃது எனக்குத் தோன்றியமையே காரணமாகும்.

பியூக்கி 1879-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் வின்டர்தூர் என்னும் நகரிற் பிறந்தார். அந்நகரில் 1834-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவந்த சுல்ஸர் தொழிற்சாலை பேர்பெற்றது. அவர் தந்தையார் யோஹான் பியூக்கி அத்தொழிற்சாலையில் உயர்பதவி வகித்தவர். டீசல் எஞ்சினைப் பின்னாளிற் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் என்பாரும், பியூக்கி பிறந்த அதே ஆண்டில், இளைஞராய் அங்கு வந்து தொழில் பழகினார் என்பது நினைவுகொள்ளற்பாலது. சம்மட்டியொலியும் சக்கரச் சுழற்சியும் சூழ்ந்த ஊரில் வளர்ந்த சிறுவர்க்கு இயந்திரங்களின்மீது பற்று உண்டானது இயல்பே. அவர் ஸூரிக் நகரத்துப் பொறியியற் பெருங்கல்லூரியிற் கற்று 1903-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் தங்கித் தொழிலறிவை வளர்த்துக்கொண்டார்.

அந்நாளிலேயே ஒரு குறை அவர் உள்ளத்தை உறுத்திற்று. எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றல் முழுதும் சக்கரத்தைச் சென்று சேர்வதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு வெளியேறி வீணாகின்றது. இவ்வாறு வீணாகும் புகையைக்கொண்டே ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தால் வெளிக்காற்றை நெருக்கி எஞ்சினுள் மிகுதியாகச் செலுத்தினால், அதே அளவுள்ள சிலிண்டரில் மிகுந்த எண்ணெயை எரித்து மிகுந்த வலிமை பெறலாம் அன்றோ என எண்ணினார். இக்கருத்தை விளக்கி 1905-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ஜெர்மனியிற் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தாறு.

எண்ணுதல் எளிது, இயற்றுதல் அரிது. தாயகம் மீண்ட பியூக்கி சுல்ஸர் தொழிற்சாலையின் டீசல் எஞ்சின் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1911-ஆம் ஆண்டிற் சோதனைக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1915-ஆம் ஆண்டிற் புதிய எஞ்சின் ஒன்று உருவாயிற்று. ஆயினும் வெற்றி கிட்டவில்லை. நெருக்கிய காற்றைப் போதிய அழுத்தத்தில் நிலைநிறுத்த அவ்வமைப்பால் இயலவில்லை. கண்டார் பலர்க்கு இம்முயற்சி வீணெனவே தோன்றியிருத்தல் கூடும். பியூக்கியோ மேலும் பத்தாண்டு உழைத்தார்.

அவர் இறுதியிற் கண்ட உண்மையை உணர்தற்கு எஞ்சினின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் வாயில்கள் உண்டு. ஒரு வால்வு காற்றை உள்ளே விடுவது. மற்றொன்று புகையை வெளியே விடுவது. இவற்றை உரிய நொடியில் திறந்து மூடச் செய்வது கேம்ஷாஃப்ட் என்னும் புடைப்புகளுடைய தண்டு. நான்கு ஓட்டங்களையுடைய எஞ்சினில் பிஸ்டன்களோடு பிணைந்த கிராங்க் தண்டு இருமுறை சுழல, கேம்ஷாஃப்ட் ஒருமுறை சுழலும். அத்தண்டின் ஒவ்வொரு புடைப்பும் எந்தப் பாகையில் வால்வை நெம்புகின்றதோ அதனைப் பொறுத்தே எஞ்சினின் மூச்சு அமையும். மூச்சு தவறின் வலிமையும் தவறும்.

பியூக்கி 1925-ஆம் ஆண்டில் தம் பெயராற் பெற விழைந்த சுவிஸ் காப்புரிமை இம்மூச்சினைச் செவ்வைப்படுத்துவதாக அமைந்தது. புகைவாயில் மூடுமுன்னரே காற்றுவாயிலை அவர் திறக்கச் செய்தார். இரண்டும் ஒருங்கே திறந்திருக்கும் அச்சிறு பொழுதில், நெருக்கிய புதுக்காற்று ஒரு புறம் புகுந்து, சிலிண்டரில் எஞ்சிய புகையை மறுபுறம் துடைத்து வெளியேற்றியது. சூடேறிய உட்புறத்தையும் வால்வையும் குளிர்வித்தது. ஆயின் ஒரு தடை உண்டு. பக்கத்துச் சிலிண்டரின் புகை அந்நேரத்திற் பொதுக்குழாயில் பாய்ந்து வருமாயின், அது புதுக்காற்றை எதிர்த்துத் தள்ளிவிடும். ஆதலின் ஒன்றையொன்று இடர்ப்படுத்தாச் சிலிண்டர்களைத் தேர்ந்து, புகைக்குழாய்களைத் தனித்தனிப் பிரிவாக்கி டர்பைனுக்குக் கொண்டு சென்றார். எஞ்சினின் வலிமை நூற்றுக்கு நாற்பதிற்கு மேல் உயர்ந்தது. முதல் விண்ணப்பம் எழுதி இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அறிஞர்க்கு வயது நாற்பத்தாறு.

அடுத்த ஆண்டில் பியூக்கி கூட்டுக்கழகம் தோன்றிற்று. வின்டர்தூர் லோகோமோட்டிவ் தொழிற்சாலை எஞ்சின்களையும், பாடன் நகரத்துப் பிரௌன் பொவேரி நிறுவனம் டர்போசார்ஜர்களையும் அளிக்க, பியூக்கி பொறியியற் பணிகளை மேற்பார்த்தார். பிராய்சன், ஹன்ஸஸ்டாட் டான்ஸிக் என்னும் இரு ஜெர்மன் பயணக் கப்பல்களின் பத்துச் சிலிண்டர் எஞ்சின்கள் அவர் முறையால் 1750 குதிரைத் திறனிலிருந்து 2500 குதிரைத் திறனுக்கு உயர்ந்தன. 1938-ஆம் ஆண்டில் சௌரர் தொழிற்சாலையார் லாரி எஞ்சினிலும் இக்கருவியை அமைத்தனர். இவையெல்லாங் கண்டு மகிழ்ந்த பியூக்கி, 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள், தாம் பிறந்த வின்டர்தூரிலேயே எண்பதாம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபின், 1962-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் என்னுங் கார்கள் டர்போசார்ஜர் பூண்டு விற்பனைக்கு வந்தன. கப்பலுக்கு ஏற்ற கால அளவு காருக்கு அப்படியே பொருந்துவதன்று. சிறிய டர்பைனை விரைவாகச் சுழற்றும்பொழுது அதன் முன்னுள்ள புகையழுத்தம் உட்புகுங் காற்றின் அழுத்தத்தை மிஞ்சுவதுண்டு. அந்நிலையில் இரு வாயில்களும் நெடிது திறந்திருப்பின், புகையே உள்ளே திரும்பும், வலிமை குன்றும். டர்போசார்ஜர் இல்லாத பந்தயக் காருக்கென அமைத்த கேம்ஷாஃப்டை டர்போ எஞ்சினிற் பூட்டி ஏமாறுவோர் இதனாலேயே ஏமாறுகின்றனர். கைதேர்ந்தார் கேம்ஷாஃப்டின் பற்சக்கரத்தைச் சில பாகையே திருப்பி அப்பொழுதைச் சுருக்குவர். காற்றுவாயிலின் தண்டை முற்படுத்தினால் குறைந்த வேகத்தில் இழுவை மிகும். பிற்படுத்தினால் உயர்ந்த வேகத்தில் வலிமை மிகும். ஒன்றைப் பெற மற்றொன்றைச் சிறிது இழத்தல் வேண்டும். ஆகவே இக்காலத்துக் கார்கள் பலவற்றில் எண்ணெயழுத்தத்தால் கேம்ஷாஃப்டை ஓடும்பொழுதே திருப்பும் அமைப்பு உளது. வேகங் குறைந்திருக்குங்கால், காற்றழுத்தம் புகையழுத்தத்தை மிஞ்சுமாயின், இரு வாயில்களும் ஒருங்கே திறந்திருக்கும் பொழுதை அது நீட்டிவிடுகின்றது. டர்பைன் விரைந்து சுழலத் தொடங்குகின்றது. பியூக்கி கண்ட முறையே அங்கு மீண்டும் உயிர்பெறுகின்றது.

1915-ஆம் ஆண்டின் எஞ்சினிலும் டர்பைன் இருந்தது, காற்றை நெருக்குங் கருவி இருந்தது, எண்ணெயும் எரிந்தது. குறைந்திருந்தவை ஒரு வாயில் திறக்கும் நேரமும் ஒரு குழாய் பிரியும் இடமுமே. தேர்வில் ஒருமுறை தோற்றதும் தம் அறிவையே ஐயுறும் மாணவர் நம்மிடையே பலர் உளர். யானும் அவருள் ஒருவனாய் இருந்திருக்கின்றேன். முழுதும் கெட்டதெனக் கைவிடுமுன், கெட்டது எந்தப் பாகையில் என்று தேடியவர் பியூக்கி. அத்தேடலுக்கு அவர் இருபது ஆண்டுகள் கொடுத்தார். நம்மிடம் கேட்கப்படுவதோ பெரும்பாலும் அடுத்த ஓராண்டே.