தரங்கம்பாடி கண்ட இயற்கை அறிஞர் கோனிக்

மாந்தோப்புகளில் வாழும் வண்டு ஒன்றுண்டு. அதன் தலையில் உடலினும் நீண்ட கொம்புகள் இரண்டு வளைந்து நிற்கும். அதன் புழுவோ அடிமரத்தைத் துளைத்து உட்சென்று, நன்கு காய்த்த மரத்தையும் பட்டுப்போகச் செய்யும். இவ்வினத்தை நீள்கொம்பு வண்டு என்பர். வெப்ப நாடுகளில் இதன் வகைகள் மிகப் பல. நம் உழவர் இவற்றை நெடுங்காலமாக அறிவர். எனினும், ஓர் உயிரின் உருவம், நிறம், அளவு, வாழிடம் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதி, இருசொற்பெயர் ஒன்றைச் சூட்டி அச்சிட்ட பின்னரே அறிவியல் உலகம் அதனைத் தன் கணக்கில் சேர்க்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுப் பூச்சிகள் பலவற்றிற்கு அந்த வாய்ப்பைத் தேடித் தந்தவர் யோகான் கெரார்டு கோனிக் ஆவார்.

கோனிக் 1728 ஆம் ஆண்டில், இன்று லாத்வியா எனப்படும் நாட்டுப் பகுதியில் பிறந்தார். உயிர்களுக்கு இருசொற்பெயர் இடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசிடம் 1757 இல் பயின்றார். பின்னர் டென்மார்க்கில் பணியாற்றியபோது பனி சூழ்ந்த ஐசுலாந்துத் தீவுக்குச் சென்று செடிகளைத் தொகுத்தார். அங்கே அவர் கண்டெடுத்த சிறு பூண்டு ஒன்றிற்கு ஆசிரியர் தம் மாணவரின் பெயரையே இட்டார். டேனியருக்கு உரியதாயிருந்த தரங்கம்பாடிக்குக் கோனிக் 1768 இல் மருத்துவராக வந்து சேர்ந்தார். நோய் தீர்ப்பது அவர்தம் பணி. செடியும் பூச்சியும் தேடுவது அவர்தம் வேட்கை.

தாம் தொகுத்த பூச்சிகளை அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்தவர் ஃபப்ரீசியசு; அவரும் லின்னேயசின் மாணவரே. பூச்சிகளின் வாயுறுப்புகளைக் கொண்டு அவற்றை இனம் பிரித்து, ஏறத்தாழ 10,000 வகைகளுக்குப் பெயர் சூட்டியவர் அவர். 1775 இல் அவர் வெளியிட்ட பெருநூலிலும் பின்வந்த நூல்களிலும் பல பூச்சிகளின் வாழிடமாகத் தரங்கம்பாடி குறிக்கப்பட்டுள்ளது. கருவேலமரத்தின் வேரைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டும் ஃபப்ரீசியசு பெயரிட்டதேயாகும். ஆனால் அவர் இந்நாட்டைக் கண்டவர் அல்லர். அவர்முன் இருந்தவை கடல் கடந்து சென்ற உலர்ந்த உடல்களே. அவ்வுயிர் எம்மரத்தில் இருந்தது, எவ்வாறு பறந்தது என்பதைக் கண்டவர் கோனிக் போன்றோரே. எனினும் உயிரின் பெயருக்குப் பின்னால் விளக்கி எழுதியவர் பெயரைச் சேர்ப்பதே மரபு. தேடி எடுத்தவருக்கு அதில் இடமில்லை.

கோனிக் தாமே விளக்கி எழுதியவற்றுள் சிறந்தது, கறையானைப் பற்றிய கட்டுரையாகும். அது 1779 இல் பெர்லினில் வெளிவந்தது. தஞ்சைப் பகுதியில் புற்றுகளை ஆராய்ந்ததோடு அவர் நின்றாரில்லை. ஊர்மக்கள் ஈசல் பிடிக்கும் முறையையும் கண்டு எழுதினார். புற்றில் இருபுறமும் துளையிடுவர். காற்று வரும் பக்கத்துத் துளையில் தீய நாற்றமுடைய பொருள்களைக் கொளுத்திப் புகையூட்டுவர். மறுபக்கத்துத் துளையிலே, கறிவேப்பிலையை உள்ளே தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். சில வேளைகளில் நல்லபாம்பும் உடன் வருவதுண்டாம்! ஈசலை மாவுடன் சேர்த்துப் பண்டம் செய்து ஏழை மக்கள் உண்டதையும் அவர் இகழாமல் எழுதினார். அக்கறிவேப்பிலையின் அறிவியற்பெயரிலும் இன்று கோனிக்கின் பெயர் விளங்குகிறது.

தரங்கம்பாடியில் கிடைத்த ஊதியம் அவருடைய ஆராய்ச்சிப் பயணங்களுக்குப் போதவில்லை. ஆகவே 1774 இல் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக அமர்ந்தார். 1778 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியை ஏற்றார். சயாம், மலாக்கா நாடுகளுக்குச் சென்று, கண்டவற்றையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். எழுதியவற்றை நூலாக்கும் ஓய்வுதான் அவருக்கு வாய்க்கவில்லை. 1785 ஆம் ஆண்டு சூன் திங்களில், காக்கிநாடாவை அடுத்த சகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பு நோயால் வருந்தினார். பின்னாளில் இந்தியத் தாவரவியலில் பெரும்புகழ் பெற்ற மருத்துவர் ராக்சுபர்க்கு அவருக்கு மருத்துவம் செய்தும் பயனில்லை. தம் கையெழுத்துச் சுவடிகளை இலண்டனிலிருந்த அறிஞர் சோசப்பு பேங்க்சுக்கு உரிமையாக்கிவிட்டுக் கோனிக் உயிர் நீத்தார். அவருடைய சயாம் பயணக் குறிப்புகள் 1894 ஆம் ஆண்டிலேதான் அச்சேறின.