ஏழை மாணவரின் துணைவர் சுவாமி விபுலாநந்தர்

ஈழம் ஈன்ற தமிழ்ப் பெரியார்களுள் சுவாமி விபுலாநந்த அடிகளாரை அறியாதார் நம்மில் இலர். யாழ் நூல் தந்த முத்தமிழ்ப் பேராசான் என்றே அவரைப் பெரும்பாலும் போற்றுகின்றோம். ஆயினும் உயர்கல்வியின் வாயிலுக்கு வெளியே நின்ற ஏழைப் பிள்ளைகளுக்குத் துணைநின்ற ஆசிரியர் அவர் என்பதையே மலைநாட்டு இளைஞராகிய நாம் முதலில் நினைத்தல் வேண்டும்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவில், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராகத் தோன்றினார். பிள்ளைப் பெயர் மயில்வாகனம். தமிழை ஊரிலே கற்றார். ஆங்கிலத்தைக் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இருந்த மிஷன் பாடசாலைகளிற் கற்றார். மிஷன் பள்ளியிற் பயிலும் சைவப் பிள்ளை தன் சமயத்தையும் மொழியையும் இழக்க வேண்டுவதில்லை என்பதற்கு, அவ்வாறே பயின்ற என்போன்றோருக்கு அவர் வாழ்வே சான்று. 1908இல், பதினாறு வயதில், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலிருந்து கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார்.

அதற்குமேற் படிக்க இலங்கையில் அப்போது சர்வகலாசாலை இல்லை. கொழும்பில் யூனிவர்சிற்றிக் கல்லூரி தோன்றியதே 1921இல்தான். ஆகவே மயில்வாகனனார் ஆசிரியத் தொழிலை ஏற்று, தம் முயற்சியாலேயே ஒவ்வொரு படியாக ஏறினார். 1911, 1912ஆம் ஆண்டுகளில் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே கிடைத்தன. 1917 முதல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே, 1920இல் இலண்டன் சர்வகலாசாலையின் பி.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்றார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியரானார்.

பட்டமும் பதவியும் பெற்ற அவ்விளைஞர் 1922இல் அவற்றைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். உலகைத் துறந்தாரேயன்றி மாணவரைத் துறந்தாரல்லர். 1925இல் தாயகம் மீண்டு, கிழக்கிலும் வடக்கிலும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பேணும் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயம் 1929இல் திறக்கப்பெற்றது.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி தந்த பாடசாலைகள் பெரும்பாலும் பட்டினங்களிலேயே இருந்தன. அவற்றிற் கட்டணமும் உண்டு. கட்டணமற்ற இலவசக் கல்வி வந்தது 1945இலேயே. கிராமத்துப் பிள்ளைக்குக் கட்டணம் ஒரு தடை. பட்டினத்தில் உண்ண உணவும் உறங்க இடமும் இல்லாமை மற்றொரு தடை. கூரிய அறிவிருந்தும் இவ்விரண்டாற் படிப்பை விட்டோர் பலர். இதனை நன்குணர்ந்த அடிகளார், பாடசாலையோடு மாணவர் இல்லத்தையும் பேணினார். அநாதைப் பிள்ளைகளும் வறிய பிள்ளைகளும் அங்கே உண்டு, உறங்கி, வழிபட்டு, ஆசிரியர் கண்காணிப்பிற் படித்தனர்.

1931இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோதும் இந்த நோக்கம் மாறவில்லை. அயலிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்கச் சொற்கள் வேண்டுமென்று, 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூன் மாதத்தில் யாழ் நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆந் திகதி கொழும்பில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவரது சமாதி சிவானந்த வித்தியாலய வளவிலேயே அமைந்தது.

அன்பர்களே, நம் தோட்டங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது நம் தோட்டப் பாடசாலைகள் துரைமார் கையிலேயே இருந்தன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. இன்று சாதாரண தரம் தேறும் நம் பிள்ளைகள் முன்னரிலும் பலர். ஆயினும் உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் இங்கே சிலவே. அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ நாள்தோறும் பஸ்ஸிற் சென்று திரும்பும் பிள்ளை, இருட்டிய பின்னரே லயத்தை அடைகின்றது. அந்த ஒற்றை அறையில் தம்பி தங்கையரின் சத்தத்தினிடையே இரசாயனம் படிப்பது எங்ஙனம்? இரண்டாண்டு முடியுமுன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விடும் பிள்ளையைச் சோம்பேறி என்று நாம் பழித்தல் தகுமா?

அடிகளார் மாணவருக்கு அறிவுரை மட்டும் கூறவில்லை. இருக்க இடமும், உண்ண உணவும், உடனிருந்து கற்பிக்க ஆளும் தேடித் தந்தார். சங்கத்துப் பெரியோர் ஓர் அறையும் விளக்கும் உதவினால், சர்வகலாசாலை புகுந்த நாம் விடுமுறையில் வந்து கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கலாம். தூரத்துத் தோட்டப் பிள்ளைகள் பட்டினத்தில் தங்கிப் படிக்கச் சிறு இல்லமொன்றையும் காலப்போக்கில் அமைக்கலாம். அடிகளாரின் திருவடிகளை வணங்கி இப்பணியை இவ்வாண்டே தொடங்குவோமாக.