உல்லாசப் படகு வாங்கிய தேயிலை வேந்தர்

செல்வம் மிகுந்தோர்க்கு உண்டாகும் ஆசைகளுள் உல்லாசப் படகு வாங்கும் ஆசை தனித்தன்மை உடையது. மாளிகை வாங்கியவன் அதில் குடியிருக்கலாம். தோட்டம் வாங்கியவன் அதன் பலனை உண்ணலாம். படகு வாங்கியவனோ ஆனையைக் கட்டித் தீனி போடுபவனைப் போல, அதற்குக் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அத்தகைய படகொன்றை வாங்குமுன் ஒருவர் அறிய வேண்டியவை யாவை என வினவுவோர்க்கு, நான் கடற்பட்டினம் எதனையும் சுட்டிக்காட்ட மாட்டேன். அலையோசை எட்டாத எங்கள் ஊவா மலைநாட்டையே காட்டுவேன். அப்புத்தளைக்கு அப்பால், தம்பேத்தன்னைத் தோட்டத்தின் உச்சியில், லிப்டன் ஆசனம் என வழங்கும் மலைமுகடு ஒன்றுண்டு. அப்பெயருக்கு உரியவரான சேர் தோமஸ் லிப்டனின் வரலாறே அவ்வினாவுக்குத் தக்க விடையாகும்.

லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். சிறியதொரு மளிகைக் கடையே அவர்களது வாழ்வுக்கு ஆதாரம். இளமையிலேயே பள்ளியை விட்ட லிப்டன், கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலில் ஏவற் சிறுவனாக அமர்ந்தார். அதில் ஈட்டிய காசைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். அங்கே வயலிலும் தோட்டத்திலும் உழைத்துவிட்டு, நியூயோர்க்கில் மளிகைக் கடையொன்றில் பணிபுரிந்தார். பண்டத்தைக் குவித்து வைப்பது மட்டும் வாணிகமன்று, அதனைப் பார்க்கும் ஆவலைத் தூண்டுவதே வாணிகம் என்னும் பாடத்தை அங்கேதான் அவர் கற்றார்.

1871இல் கிளாஸ்கோவில் தமது முதற் கடையைத் திறந்தார். இடைத்தரகரை விலக்கி, உற்பத்தி செய்வோரிடமே நேரில் கொள்முதல் செய்து, குறைந்த இலாபத்திற்கு மிகுதியாக விற்றார். பன்றிகளை அலங்கரித்து வீதியில் ஊர்வலம் விட்டார். 1881இல் பெருத்த பாலாடைக் கட்டியொன்றை வரவழைத்து, அதனுள் பொற்காசுகளைப் புதைத்து, துண்டு துண்டாக விற்றார். மக்கள் முண்டியடித்து வாங்கினர். இருபது ஆண்டுகள் கழிவதற்குள் அவருடைய கடைகள் பிரித்தானியா எங்கும் பரந்துவிட்டன.

அவர் இலங்கைக்கு வந்தது 1890இல். வந்த வேளையைக் கவனிக்க வேண்டும். 1869இல் தலைகாட்டிய இலைநோய் இந்நாட்டுக் கோப்பிப் பயிரை அடியோடு அழித்திருந்தது. நொடித்துப்போன துரைமார் பலர் தோட்டங்களை வந்த விலைக்குத் தள்ளிவிடக் காத்திருந்தனர். லிப்டன் தம்பேத்தன்னையையும் வேறு சில தோட்டங்களையும் வாங்கினார். அந்நாளில் அப்புத்தளைக்குப் புகைவண்டி இல்லை. இருப்புப்பாதை அங்கு எட்டியது 1893இல்தான். சந்தையை மலிவாக இருக்கும்போது அறிந்து புகுபவனே வணிகன் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. தேயிலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, எடையும் தரமும் மாறாமல், பிறர் விலையில் ஏறக்குறையப் பாதிக்கு விற்றார். செல்வர் பருகிய பானம் தொழிலாளர் வீட்டு மேசைக்கு இறங்கி வந்தது.

அந்த மலிவுக்குப் பின்னால் நின்றவர் யாவர்? இராமநாதபுரத்திலிருந்தும், மதுரையிலிருந்தும், திருச்சியிலிருந்தும், சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர். கங்காணியின் கடனும் துண்டும் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்தன. துண்டு முறை ஒழிந்தது 1921இல். குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் வரையறுத்தது 1927இல். அதிலும் கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஆணினும் குறைந்த கூலியே விதிக்கப்பட்டது. பத்தடி லயக் காம்பராவில் ஒரு குடும்பம் ஒடுங்கிக் கிடந்தது. படகின் கதைக்கு இவை புறம்பானவை என்று எண்ணலாகாது. மளிகைக் கடைகளோடு இக்கொழுந்தும் சேர்ந்தே படகு வாங்கிய பணத்தை ஈட்டியது.

1898இல் லிப்டனுக்குச் சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் எரின் என்னும் நீராவி உல்லாசக் கப்பலை வாங்கினார். இத்தாலியச் செல்வரொருவருக்காக 1896இல் ஸ்கொத்லாந்தில் கட்டப்பட்ட அக்கப்பல் 1,200 தொன்னுக்கு மேற்பட்டது. அரசரும் பிரபுக்களும் அதில் விருந்துண்டனர். ஆயினும் அவர் மனம் நாடியது அமெரிக்கக் கிண்ணம் என்னும் பந்தய விருதையே. 1851 முதல் அமெரிக்கர் வசமிருந்த அக்கிண்ணத்தை மீட்க, ஷாம்ரொக் என்னும் பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பாய்க்கப்பல்களைக் கட்டுவித்தார்.

படகு வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே: வாங்கிய விலை செலவின் தொடக்கமேயன்றி முடிவன்று. மாலுமிகளின் சம்பளம், பாய், வடம், நிலக்கரி, பழுதுபார்ப்பு என்பன ஆண்டுதோறும் வாய் திறந்து நிற்கும். இரண்டாவது, கடலுக்குச் செல்வரென்றும் வறியரென்றும் பேதமில்லை. 1901இல் ஷாம்ரொக் இரண்டின் பாய்மரம் முறிந்து வீழ்ந்தபோது ஏழாம் எட்வேர்ட் மன்னரே அதன் தளத்தில் இருந்தார், நல்லூழால் தப்பினார். 1903இல் ஷாம்ரொக் மூன்றின் பாய்மரம் சரிந்தபோது மாலுமி ஒருவர் உயிரிழந்தார். மூன்றாவது, விதியை வாசித்த பின்னரே போட்டியில் இறங்க வேண்டும். சவால் விடுக்கும் கப்பல் அத்திலாந்திக்கைத் தானே கடந்து வரவேண்டும் என்பது அந்நாளைய நிபந்தனை. ஆதலால் அது புயலைத் தாங்குமளவு கனமாக அமைதல் வேண்டும். வீட்டு வாசலில் காத்திருந்த எதிரிக்கு அக்கவலை இல்லை. 1903இல் அமெரிக்கர் இறக்கிய ரிலையன்ஸ், 16,000 சதுர அடிக்கு மேற்பட்ட பாயை விரித்து ஓடியது.

1899, 1901, 1903 ஆகிய மூன்று முறையும் லிப்டன் தோற்றார். நான்காம் கப்பல் கடல் கடந்துகொண்டிருந்தபோது 1914இன் உலகப் போர் மூண்டது. பந்தயம் 1920 வரை தள்ளிப்போயிற்று. அவ்வாண்டில் முதல் இரு ஓட்டங்களையும் அவரது கப்பலே வென்றது. இன்னும் ஒன்று வென்றால் கிண்ணம் கைக்கு வந்திருக்கும். அடுத்த மூன்றிலும் தோல்வியே கிட்டியது. 1930இல் எண்பது வயதைக் கடந்த நிலையில் ஐந்தாம் முறை முயன்று, மீண்டும் தோற்றார். கிண்ணம் அமெரிக்காவை விட்டு அகன்றது 1983இல், அவுஸ்திரேலியரால்.

ஆனால் தோல்வியால் அவர் இழந்தது யாது? ஒவ்வொரு முறையும் முகமலர்ச்சியுடன் வென்றவரை வாழ்த்தினார். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. அவருடைய தேயிலைப் பெயர் வீடுதோறும் புகுந்தது. 1930இல் அமெரிக்க மக்கள் தாமாகப் பணம் திரட்டிப் பொற்கிண்ணம் ஒன்றை அவருக்கு அளித்தனர். விளையாட்டும் விளம்பரமும் அவரிடத்தில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன என்பதே என் துணிபு. எதற்காகப் படகு வாங்குகிறோம் என்பதை அவரளவு தெளிந்தவர் சிலரே.

ஒன்றை மட்டும் படகால் அவர் வாங்க முடியவில்லை. இங்கிலாந்தின் முதன்மையான படகுக் கழகம் மளிகைக்காரருக்கு நெடுங்காலம் கதவைத் திறக்கவில்லை. அரசரின் நட்பும் அங்கே செல்லவில்லை. திறந்தது 1931இல், அவர் மறைவுக்குச் சில மாதங்கள் முன்னர். எரினும் நிலைக்கவில்லை. போர்த் தொடக்கத்தில் சேர்பியாவுக்கு மருத்துவரையும் தாதியரையும் மருந்தையும் சுமந்து சென்ற அக்கப்பல், பின்பு கடற்படை வசமாகி, 1916இல் மால்ட்டா அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. அவரது கருணையை மதிப்பவன் நான். அக்கப்பல் செய்த நற்பணிகளுள் அந்தச் சேர்பியப் பயணமே சிறந்தது.

லிப்டன் மணம் புரியவில்லை. 1931 அக்டோபர் 2ஆம் நாள் இலண்டனில் காலமாகி, கிளாஸ்கோவில் பெற்றோருடன் அடக்கம் செய்யப்பட்டார். செல்வத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ ஏழைகளுக்கும் நோயாளருக்கும் விட்டுச் சென்றார். பிறந்த மண்ணை மறவாத பெருமகன் என அந்நகரம் அவரைப் போற்றுவது முறையே. கொழுந்து விளைந்த மண்ணை அந்தக் கை அவ்வாறு நினைக்கவில்லை. அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அக்கொழுந்தைப் பறித்தவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர்க்கும் வழி திறக்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று லிப்டன் ஆசனத்திற்குப் பயணிகள் திரண்டு வருகின்றனர். வழியெங்கும் கூடை சுமந்த பெண்களைப் படம்பிடித்துச் செல்கின்றனர். உல்லாசப் படகு வாங்க எண்ணுவோர் பராமரிப்புச் செலவையும், கடலின் குணத்தையும், பந்தய விதியையும் கேட்டறியட்டும். அவற்றோடு இன்னுமொரு கணக்கையும் எழுதிப் பார்க்க வேண்டும். பாய் விரிவது கடற்காற்றினால் என்பது பாதி உண்மை. மலைச்சரிவில் குனிந்து நின்ற முதுகுகள் மீதி உண்மை. அந்தக் கணக்கை முடித்த பின்னும் படகு வேண்டுமென்று தோன்றினால், தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும்.