காயிதே மில்லத்: கதவைச் சாத்தாத தலைவர்



செலாயாங் மொத்தச் சந்தையில் நமது அத்தா கடை வைத்திருந்த காலத்தில், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு படம் தொங்கியது. தலையில் உயர்ந்த தொப்பி, முகத்தில் தாடி, உடம்பில் நீண்ட சட்டை. யார் இவர் என்று கேட்டால், காயிதே மில்லத் என்பார் அத்தா. அதற்குமேல் விளக்க அவருக்கு நேரமிராது. அத்தா மவுத்தான பிறகு படம் நம்மிடம் வந்தது. இன்று நம் பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நாம், தெரிந்த அளவில் பதில் சொல்ல முயல்கிறோம்.

காயிதே மில்லத் என்றால் சமுதாயத்தின் வழிகாட்டி என்று பொருள். இயற்பெயர் முகம்மது இஸ்மாயில். 1896ம் ஆண்டு ஜூன் 5ந் தேதி திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். தகப்பனார் மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வி உடையவர், துணி வியாபாரி. அவர் சீக்கிரமே காலமாகிவிட, தாயாரே பிள்ளைகளை வளர்த்து ஓதவும் வைத்தார். தம்பி அகமது இப்ராகிம் சாகிபும் பிற்காலத்தில் அரசியலில் பெயர் பெற்றவர். 1909ல், பதின்மூன்று வயதிலேயே, இஸ்மாயில் சாகிப் நெல்லையில் வாலிப முஸ்லிம்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1920ல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது, பட்டப் படிப்பைப் பாதியிலேயே விட்டு வெளியேறினார்.

பிறகு அவர் சேர்ந்தது நம் தொழிலில்தான். சென்னையில் தோல் ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த ஜமால் முகம்மது சாகிபின் நிறுவனத்தில் பணிபுரிந்தார். ஜமால் முகம்மது சாகிப் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்று வந்தவர். திருச்சியில் 1951ல் தோன்றிய கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அத்தகையவரிடம் வியாபாரம் பழகியவருக்குக் கணக்கும் தெரியும், நாணயமும் தெரியும். இஸ்மாயில் சாகிப் பின்னாளில் குடியிருந்த குரோம்பேட்டையும் தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊரே.

1946ம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முஸ்லிம் லீக் 28 உறுப்பினர்களை அனுப்பியது. காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி அதுவே. ஆகவே இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார். 1952 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

சோதனை வந்தது 1947ல். நாடு பிரிந்தது. லீகின் பெருந்தலைவர்கள் பலர் கராச்சிக்குப் போய்விட்டார்கள். அந்த டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில், கட்சியை இரு நாடுகளுக்குமாக இரண்டாகப் பிரித்தது. இந்தியப் பகுதியைக் கூட்டும் பொறுப்பு இஸ்மாயில் சாகிபிடம் வந்தது. வந்தது என்ன? செல்வாக்கா, சொத்தா? சந்தேகமும் பழிச்சொல்லுமே வந்தன. லீகைக் கலைத்துவிட்டுப் பெரிய கட்சிகளில் சேருங்கள் என்று மௌலானா ஆசாத் போன்ற பெரியவர்களே முஸ்லிம்களுக்குச் சொல்லி வந்தார்கள். அதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். எங்கும் ரத்தம் காயாத நேரம் அது. லீக் என்ற பெயரைக் கேட்டாலே அண்டை வீட்டார் முகம் மாறிய நேரம்.

1948 மார்ச் 10ந் தேதி சென்னையில் கூட்டம் கூடியது. கலைப்பதா, நடத்துவதா என்பதே கேள்வி. நடத்துவது என்று முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைவராக இஸ்மாயில் சாகிப் அமர்ந்தார். அன்று முதல் கண்மூடும் வரை அவரே தலைவர். திறந்து வைக்க ஆளில்லாத கடையை எடுத்து நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். 1948 நவம்பர் 23ந் தேதி, எல்லாருக்கும் ஒரே சிவில் சட்டம் என்ற 35ம் ஷரத்து விவாதத்துக்கு வந்தது. தனக்கென்று சொந்தச் சட்டம் உள்ள எந்தச் சமூகமும் அதைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று திருத்தம் கொண்டுவந்தார். திருமணம், வாரிசுரிமை முதலியவை மார்க்கத்தோடு பின்னிப் பிணைந்தவை என்பது அவர் வாதம். டாக்டர் அம்பேத்கர் திருத்தத்தை ஏற்கவில்லை. ஆனால், வருங்காலப் பாராளுமன்றம் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டுமே அச்சட்டத்தைப் பொருத்தவும் கூடும் என்று விளக்கம் தந்தார். திருத்தம் தோற்றது. அந்த ஷரத்தே 44ம் ஷரத்தாக இன்றும் இருக்கிறது. அன்று தொடங்கிய வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை.

1949 மே மாதம் அதைவிடக் கடினமான வேலையில் இறங்கினார். முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி நீடிக்கவேண்டும் என்று கேட்டார். சபையிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பலர் அவருக்கு எதிராகப் பேசினார்கள். சர்தார் பட்டேல் கடுமையாக மறுத்தார். கோரிக்கை தள்ளுபடியாயிற்று. பிரிவினைக்கு வித்திட்டதே தனித் தொகுதிதான் என்று நம்பிய நாட்டில், பிரிந்த சூடு ஆறுமுன் அதைக் கேட்டது சரிதானா என்று இன்றும் கேட்பவர் உண்டு. நமக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒன்று. தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும், சபையில் எழுந்து, மரியாதை குறையாமல் தன் சமுதாயத்தின் எண்ணத்தைப் பதிவு செய்தார். தோற்ற பிறகு சபையைத் தூற்றவுமில்லை; நாட்டை விட்டு ஓடவுமில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நடந்தது. பழமைதான் தகுதி என்றால், இம்மண்ணில் பேசப்படும் மொழிகளில் தமிழும் அதன் இனமொழிகளுமே மூத்தவை என்று எடுத்துரைத்தார். தமிழ் முஸ்லிமின் தாய்மொழி எது என்று குழம்புவோர் இதை நினைவில் வைக்கட்டும்.

1952 முதல் 1958 வரை ராஜ்யசபையில் இருந்தார். பிறகு 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மஞ்சேரித் தொகுதி அவரை லோக்சபைக்கு அனுப்பியது. நெல்லைத் தமிழரை மலையாள மக்கள் மும்முறை தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அவருடைய நாணயத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? 1962ல் சீன யுத்தம் மூண்டபோது, தம் ஒரே மகனைப் பட்டாளத்துக்குத் தருகிறேன் என்று முன்வந்தார். அவருடைய விசுவாசத்தைச் சந்தேகித்தவர்களுக்கு அதுவே பதிலாயிற்று.

அரசியலில் அவர் கையாண்ட முறை தராசுக்காரன் முறை. சிறிய படிக்கல்தான், ஆனால் எந்தத் தட்டில் வைப்பது என்று அறிந்தவர். 1960ல் கேரளத்தில் லீக் காங்கிரசோடு நின்றது. 11 இடங்கள் கிடைத்தன. சீதி சாகிப் சபாநாயகரானார். ஆனால் மந்திரி பதவி தரக் காங்கிரஸ் மனம் ஒப்பவில்லை. 1967ல் லீக் கம்யூனிஸ்டுகளோடு நின்றது. நம்பூதிரிபாட் மந்திரிசபையில் இருவர் இடம்பெற்றார்கள். 1969 ஜூன் 16ந் தேதி மலப்புரம் மாவட்டமும் பிறந்தது. அதே 1967ல் தமிழ்நாட்டில் அண்ணாவோடும் ராஜாஜியோடும் கூட்டுச் சேர்ந்தார்; தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. தொழுகையை விடாத பெரியவர், கடவுள் இல்லை என்போரோடு கூட்டா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. கூட்டு வேறு, கொள்கை வேறு என்பதை அவர் நடந்து காட்டினார்.

லோக்சபை உறுப்பினராக இருக்கும்போதே, 1972 ஏப்ரல் 5ந் தேதி சென்னையில் காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கிறார். 1991ல் உருவான நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1997ல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர் பெயர்களை நீக்கியபோது அதுவும் நீங்கியது. சென்னை அண்ணா சாலையில் அவர் பெயர் தாங்கிய அரசினர் பெண்கள் கல்லூரி நிலைத்திருக்கிறது. பெயர்ப்பலகை போகலாம், பள்ளிக்கூடம் போகாது என்று நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்தில் ஆள் குறைந்துவிட்டது, சந்தாவும் குறைந்துவிட்டது. பெரிய அமைப்பு ஒன்றில் கலந்துவிடலாமே என்ற பேச்சு எழுந்திருக்கிறது. இளைஞர்கள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. அரங்க வாடகையும் மதரஸா ஆசிரியர் சம்பளமும் காற்றில் வருவதில்லை. என்றாலும் வரப்போகும் பொதுக்கூட்டத்தில் கை தூக்குமுன் ஒரு கணக்குப் பார்ப்போம். கலந்த பிறகு நம் பிள்ளைகளுக்குத் தமிழில் மார்க்கம் சொல்லித் தருவது யார்? ஜனாஸாவுக்கு நள்ளிரவில் ஓடி வருவது யார்? அந்தக் கேள்விகளுக்குப் பெரிய அமைப்பு பதில் தருமானால் தாராளமாகச் சேர்வோம். தராதென்றால், சிறிய கடையானாலும் திறந்தே இருக்கட்டும். கூட்டுச் சேரத் தடையில்லை. அதற்காகக் கதவைச் சாத்தவேண்டியதில்லை.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மறுமையை மேன்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.