புற்றை வென்ற புதுக்கோட்டைப் புதல்வி

நம் திருத்தணிப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் தெரியும். பிரசவத்துக்கு அரசாங்கம் தருகிற நிதி அந்தப் பெயரில்தானே வருது! ஆனால் அவங்க யாரு, என்ன செஞ்சாங்க என்று கேட்டால் நம்மில் பல பேர் தலையைச் சொறிவோம். அதனால்தான் நம் மலருக்கு அவர் வாழ்க்கையை எழுத எடுத்தேன்.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். தேவதாசி முறை என்ற பெயரில் பெண்களைச் சமுதாயம் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. மெட்ரிகுலேஷன் தேறியதும் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னரே அனுமதி கொடுத்த பிறகுதான் உள்ளே நுழைய முடிந்தது. என் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் ஆளாய்ப் போவது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் அவர் தாண்டிய தடைகளோடு பார்த்தால் என்னுடையது ஒன்றுமே இல்லை!

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947-ல் நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். இதையெல்லாம் நாம் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்போம். நான் சொல்ல வந்தது வேறு.

அவருடைய தங்கை ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முதலில் சீதபேதி என்றே நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் குடலில் புற்றுநோய்! 1923-ல் தங்கை இறந்து போனார். வீட்டிலேயே டாக்டர் இருந்தும், இன்ன நோய் என்று காலத்தில் தெரியாததால் ஓர் உயிர் போய்விட்டதே! அந்த வேதனை அவர் மனதில் வைராக்கியமாக மாறியது. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். பலர் காது கொடுக்கவில்லை. பிழைக்காத நோய்க்கு எதற்குச் செலவு என்ற எண்ணம்தான் அன்று எங்கும் இருந்தது. அம்மையார் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு ஊர் ஊராய் நன்கொடை திரட்டினார்.

1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை வேலையைத் தொடங்கியது. படுக்கைகள் 12 மட்டுமே! தங்கை இறந்து 31 வருடம் ஆகியிருந்தது. அம்மையாருக்கு வயது 67. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பிறகு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தோளில் சுமந்து வளர்த்தார்கள். குழந்தைகளின் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவை நாட்டிலேயே முதலில் தொடங்கியதும் அங்கேதான்.

குழந்தைக்குக் கூடவா புற்றுநோய் வரும் என்று கேட்கிறீர்களா? வரும். அதில் ஒன்று லிம்ஃபோமா. நம் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கிற நிணநீர்ச் சுரப்பிகளில் வருவது. 1832-லேயே லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற டாக்டர் இதன் ஒரு வகையை எழுதி வைத்தார். இன்றும் அந்த வகைக்கு அவர் பெயர்தான்.

இதைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். சளி, தொண்டைப்புண், தலையில் புண் எது வந்தாலும் பிள்ளைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டும். பெரும்பாலும் தானாக வத்திப் போயிடும். நம் ஊரில் பற்று போடுவாங்க, வேப்பிலை அடிப்பாங்க, மலைக்கு மொட்டை வேண்டிக்குவாங்க. வேண்டுதல் தப்பில்லை. ஆனால் டாக்டரிடம் போகிற நாளைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. காசநோயிலும் இதே மாதிரி நெறி கட்டும், காய்ச்சல் வரும், பிள்ளை இளைக்கும். ஆகவே ஒன்றை இன்னொன்றாக நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு நாள் போய்விடுவது நம் நாட்டில் உண்டு.

பிறகு எப்படித்தான் உறுதி செய்வது? மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மெட்டலர்ஜி லேபில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு துண்டை வெட்டி, பாலிஷ் போட்டு, ஆசிட்டில் எட்ச் பண்ணி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் உள்ளே என்ன இரும்பு என்று தெரியும். வெளியே தடவிப் பார்த்தால் தெரியுமா? அதே கதைதான் இங்கேயும். கட்டியை எடுத்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இதுதான் பயாப்சி. ஊசியில் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பது முதல் படிக்கு உதவும், ஆனால் எந்த வகை என்று சொல்ல அது பெரும்பாலும் போதாது. நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று அறிய ஸ்கேனும், தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் செய்வார்கள். பயாப்சிக்கு முன்னாலேயே ஸ்டீராய்டு மருந்து கொடுத்துவிட்டால் கட்டி சுருங்கி, நோய் ஒளிந்து கொள்ளும். தற்காலிக நிம்மதி, பிறகு பெரிய ஏமாற்றம்!

அதனால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வலியில்லாத கட்டி, சில வாரமாகியும் வத்தாமல் பெருகுது, காரை எலும்புக்கு மேலே கட்டி, விடாத காய்ச்சல், ராத்திரியில் துணி நனைகிற வியர்வை, உடம்பு இளைப்பு, காரணமில்லாத மூச்சுத்திணறல் - இதில் எது இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பர்கிட் என்ற வகை ஒரு சில நாளிலேயே இரு மடங்காகிவிடும். பயப்படவும் வேண்டாம். ஹாட்ஜ்கின் வகை வந்த குழந்தைகளில் முறையான சிகிச்சை கிடைத்தவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. திருத்தணியில் ரயில் ஏறினால் அரக்கோணம் வழியாகச் சென்னை, அவ்வளவுதான் தூரம்!

1956-ல் பத்மபூஷண் பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22-ல் மறைந்தார். அவர் பிறந்த நாளைத் தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. நாம் டாக்டர் இல்லைதான். ஆனால் நம் தெருவில் படித்த பிள்ளை என்று நம்மைத்தான் கேட்பார்கள். அக்கா மகனுக்குக் கழுத்தில் கட்டி என்று யாராவது வந்து சொன்னால், பற்று போடுங்க என்று சொல்லாமல், வாங்க போய்ப் பார்த்துட்டு வரலாம் என்று கிளம்புவோம். அந்தத் தங்கைக்குக் கிடைக்காத நேரம் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கட்டும்!