ஆற்காடு ரோடும் ஐடா ஸ்கடரும்

சி.எம்.சி. முன்னால் போகும் சாலையின் பெயர் ஐடா ஸ்கடர் ரோடு. ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், டிரைவர் ஒரு நொடி யோசிப்பார். ஆற்காடு ரோடு என்றால் உடனே மீட்டரைப் போடாமல் கிளம்பிவிடுவார். பலகையிலும் தபால் முகவரியிலும் இருக்கிற அந்த அம்மாள் யார் என்று நம் வளாகத்துப் பிள்ளைகளிடம் கேட்டேன். வெள்ளைக்கார டாக்டர் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அதிகம் தெரியாமல்தான் இருந்தது.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், நம் அசோசியேஷனில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சில ஓனர்கள் தங்கள் ஃப்ளாட்டை ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கு வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். கொல்கத்தா, அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ காட்பாடியில் வந்து இறங்குகிறவர்கள். காரிடாரில் ஈரத்துணி, கடுகெண்ணெய் வாசம், லிஃப்டில் நெரிசல், பெயர் தெரியாத முகங்கள். மூன்று மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு மனு தயாரானது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகுதான் இந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9 அன்று, ராணிப்பேட்டையில். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கிளம்பி இலங்கையில் யாழ்ப்பாணப் பக்கம் மருத்துவம் பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளில் பலரும் ஆற்காடு மாவட்டத்திலேயே மிஷன் வேலைக்கு வந்துவிட்டார்கள். ராணிப்பேட்டையில் இன்றும் ஸ்கடர் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஐடாவின் அப்பாவும் டாக்டர்தான். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இந்தியாவே வேண்டாம் என்றிருந்தது. 1876 முதல் 78 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், பசியில் கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டிய சிறுமி அவர். அந்தக் காட்சி மனதில் தங்கிவிட்டது. அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தார், அங்கேயே நல்ல வாழ்க்கை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எண்ணம். 1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் உதவிக்கு, அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் நடந்த ஓர் இரவைப் பற்றி ஐடாவே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். திரும்பத் திரும்பச் சொன்ன கதைகளுக்கு ஒரு வழவழப்பு வந்துவிடும், இதற்கும் வந்திருக்கலாம். ஆனால் கதையின் உள்ளடக்கம் இந்தப் பக்கத்து ஊர்களை அறிந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. அன்றிரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பங்களா வாசலுக்கு வந்தார்கள். முதலில் ஒரு பிராமணர், அடுத்து ஒரு முஸ்லிம், மூன்றாவது மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள். சிறுமி என்றே சொல்ல வேண்டிய வயதில் இருந்தாள் ஒருத்தி. ஐடா தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார். வேற்று ஆண் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் போய்விடுவதே மேல் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த மூவரும் சண்டைக்காரர்களோ கல்நெஞ்சக்காரர்களோ இல்லை. மனைவிக்காக நடுராத்திரியில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள்தான். சாதியும் மதமும் வேறாக இருந்த மூவரிடமும் அந்த ஒரு வழக்கம் மட்டும் ஒன்றாக இருந்தது.

வேலூரும் அதைச் சுற்றிய தோல் ஊர்களும் அன்று எப்படி இருந்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கோட்டை ஊர். நவாபுகளின் ஆட்சியைப் பார்த்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 புரட்சி நமக்குத் தெரிந்ததே. பாலாற்றின் ஓரமாக மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, அந்தப் பக்கம் பேரணாம்பட்டு என்று தோல் வியாபாரம் வளர்ந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னை வழியாகக் கப்பலேறி லண்டன் போனது. முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட மக்கள். தோலைத் தொடாத சாதிகள் அந்தத் தெருப்பக்கமே போகாது. ஆண்கள் ஊர் ஊராகச் சுற்றி எல்லாரிடமும் பேசிப் பழகினார்கள், வியாபாரம் அப்படி. வீட்டுப் பெண்கள் உள்ளேயே இருந்தார்கள். முஸ்லிம் வீடுகளில் அதற்குக் கோஷா என்று பெயர். இந்து மேல்சாதி வீடுகளில் பெயர் இல்லையே தவிர நடைமுறை ஏறக்குறைய அதேதான். சென்னையில் 1885இல் மேரி ஷார்லீப் தொடங்கிய பெண்கள் ஆஸ்பத்திரிக்கே சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான ஆஸ்பத்திரி என்றுதான் பெயர் வைத்தார்கள். திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள்.

கடையில் எல்லாரோடும் கலப்பு, வாசற்படி தாண்டினால் கறார். இந்தப் பகுதியின் சுபாவத்தை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். நம் வளாகத்துக்கும் இது கொஞ்சம் பொருந்துகிறதோ என்று தோன்றினால் அது என் தவறில்லை.

ஐடா அமெரிக்கா திரும்பி 1895இல் ஃபிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் வாங்கினார். கிளம்பும் முன் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டு பிறந்தபோது ஐடா வேலூரில் இருந்தார். கூட இருந்து தொழில் சொல்லிக்கொடுப்பார் என்று நம்பியிருந்த அப்பா அதே ஆண்டு மே மாதம் இறந்துபோனார். இருபத்தொன்பது வயது, கையில் பட்டம், அனுபவம் சொற்பம். பங்களாவிலேயே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினார். சமையல்காரரின் மனைவி சலோமிதான் முதல் உதவியாளர். இரண்டு ஆண்டில் 5,000 நோயாளிகளைப் பார்த்துவிட்டார்கள். 1902இல் மேரி டேபர் ஷெல் பெயரில் 40 படுக்கைகளோடு பெண்கள் ஆஸ்பத்திரி எழுந்தது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. கோஷா தப்பு, சாதி தப்பு, முதலில் அதை விடுங்கள், பிறகு மருந்து தருகிறேன் என்று அவர் நிபந்தனை போடவில்லை. ஊர் எந்தக் கதவைத் திறந்ததோ அந்தக் கதவு வழியாக உள்ளே போனார். பெண் டாக்டர்தான் வேண்டுமா, சரி. நோயாளியோடு குடும்பமே மூட்டை முடிச்சோடு வருமா, வரட்டும். இன்றைக்கு பாபு ராவ் தெரு, காந்தி ரோடு லாட்ஜ்களில் அறையோடு சேர்த்து அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறார்களே, அந்தப் பழக்கம் இத்தனை தூரம் வேரோடியதற்குக் காரணம், நோயாளி என்றால் குடும்பம் என்று எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரிகள் இங்கே நூறு வருஷத்துக்கு மேலாக இருப்பதுதான்.

இப்படி விட்டுக்கொடுத்துப் போனதில் குறை காண்பவர்களும் இருக்கலாம். வழக்கத்துக்கு வளைந்து கொடுத்தால் வழக்கம் மேலும் இறுகாதா என்பது நியாயமான கேள்விதான். நடந்தது வேறு மாதிரி. பெண்ணுக்குப் பெண்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடித்தால், ஊருக்குப் பெண் டாக்டர்கள் ஏராளமாக வேண்டும். ஒரு அமெரிக்க அம்மாள் போதாது. நம் வீட்டுப் பெண்களே படிக்க வேண்டும். உள்ளே பூட்டி வைத்த வழக்கமே ஒரு சாவியையும் செய்து கொடுத்துவிட்டது.

1909இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி. நர்ஸ் வேலை என்றால் நல்ல குடும்பத்துப் பெண்கள் தொடாத வேலை என்றிருந்த காலம். 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. விண்ணப்பமே வராது என்று மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி நினைத்தார், ஆனால் நூற்றைம்பதுக்கு மேல் வந்தது. நான்கு ஆண்டு முடித்துத் தேர்வு எழுதிய 14 பேரும் தேறினார்கள். அதே தேர்வில் ஆண்கள் பள்ளிகளில் கூட்டம் கூட்டமாகத் தவறிய வருஷம் அது. ரிசல்ட் வந்த அன்று வேலூரில் என்ன கொண்டாட்டம் இருந்திருக்கும் என்று அடிக்கடி கற்பனை செய்வேன்.

இடையில், வர முடியாதவர்களைத் தேடிப்போகும் வேலையும் நடந்தது. முதலில் மாட்டுவண்டி, பிறகு பியூஜோ என்ற பிரெஞ்சு கார். வாரம் ஒரு நாள் குடியாத்தம் ரோட்டில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி, புண் கட்டுவது, கண்ணுக்கு மருந்து போடுவது, பல் பிடுங்குவது. ஆஸ்பத்திரிக்குள் நுழையத் தயங்கிய தொழுநோயாளிகள் அந்த ரோட்டோரத்தில்தான் மருத்துவம் பார்த்துக்கொண்டார்கள். மரத்தடி வரிசையில் சாதி பார்த்து நிற்பது கஷ்டம். வெயில் எல்லாருக்கும் ஒன்றுதான்.

1920களில் தோட்டப்பாளையத்தில் இப்போதைய ஆஸ்பத்திரி, பிறகு பாகாயத்தில் மலையடிவாரத்தில் கல்லூரி. 1930களின் கடைசியில் பெரிய சோதனை வந்தது. டிப்ளமா போதாது, பல்கலைக்கழகப் பட்டம்தான் என்று அரசு விதி மாறியது. அதற்கு ஏகப்பட்ட பணமும் ஆட்களும் வேண்டும். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பல மிஷன்கள் கைகொடுக்கும் என்ற நிலை. பெண்களுக்காகவே பணம் திரட்டித் தந்த நெடுநாள் தோழி லூசி பீபாடி அதைக் கடுமையாக எதிர்த்தார். எழுபது வயதைத் தாண்டிய ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி கேட்டுக்கொண்டிருந்த நேரம். பெண்களுக்கென்று தானே கட்டிய மதிலைத் தானே திறந்துவிடச் சம்மதித்தார். தோழியோடு மனஸ்தாபம். வயதான காலத்தில் அது சின்ன விலையில்லை. 1940களின் இறுதிக்குள் ஆண் மாணவர்களும் பாகாயத்தில் படிக்க ஆரம்பித்தார்கள்.

1946இல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியதை உலகமே வந்து பார்த்தது. உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வராமலிருக்க மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு செய்ததும் அந்தக் காலத்தில், இங்கேதான். பாலாற்றங்கரையில் பதனிட்ட தோல் சீமைக்குப் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், எவரும் தொடத் தயங்கிய கால்களுக்கு அளவெடுத்து வேலூரில் செருப்பு தைத்தார்கள்.

கொடைக்கானலில் இருந்த தன் வீட்டில் 1960 மே மாதம் ஐடா காலமானார். வயது 89. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம்கூட அவர் கைக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். இப்போது அவர் பெயரில் இருக்கும் ரோட்டில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. மீன் குழம்பு மணக்கிறது. மருந்துக் கடைப் பையன் நான்கு மொழியில் பில் சொல்கிறான். அந்தப் பையனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

போன வாரம் இரண்டாம் மாடியில் தங்கியிருக்கும் சிலிகுரி அம்மாவிடம் முதல்முறையாகப் பேசினேன். எனக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் இந்தி அரைகுறை. பேத்திக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு, இன்னும் ஐந்து வாரம் இருக்க வேண்டுமாம். துணியைக் காரிடாரில் ஏன் போடுகிறீர்கள் என்று சைகையில் கேட்டேன். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை என்றார்.

மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி செயலாளர் சாரிடம் சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில் இன்னும் இரண்டு கொடி கட்டவும், சாவியைக் காலை ஏழு முதல் மாலை ஆறு வரை வாட்ச்மேனிடம் வைக்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடையாள அட்டை நகல் வாங்குவது, லிஃப்ட் நேரம், பராமரிப்புத் தொகையில் ஓனர் பங்கு ஆகியவை பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேச வேண்டியது இருக்கிறது, எல்லாரும் வாருங்கள்.