ஜான் லோகி பெயர்டு

ஜான் லோகி பெயர்டு (ஆகஸ்ட் 13, 1888 – ஜூன் 14, 1946) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். தொலைக்காட்சியின் முன்னோடிகளுள் ஒருவர். இலண்டனில் 1936-37 இல் இவருடைய நிறுவனத்தின் 240 வரி முறையும் மார்க்கோனி-ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி முறையும் ஒரே நிலையத்திலிருந்து மாறி மாறி ஒளிபரப்பப்பட்டு ஒப்பிடப்பட்டன.

இளமை

ஹெலன்ஸ்பர்க் நகரில் கிறித்தவ மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். கிளாஸ்கோவில் மின்பொறியியல் பயின்றார். முதல் உலகப்போர் குறுக்கிட்டதால் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு நிறைவுறவில்லை. உடல்நலக் குறைவால் படையிலும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. காலுறை விற்றார், டிரினிடாட் தீவில் ஜாம் தயாரித்தார், பின்னர் சோப்பு விற்றார்.

இயந்திரத் தொலைக்காட்சி

1923 இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் ஆய்வுகளைத் தொடங்கினார். தேயிலைப் பெட்டி, தொப்பிப் பெட்டி, ஊசிகள், மிதிவண்டி விளக்கின் வில்லை, அரக்கு ஆகியவையே கருவிகள். சுருள் வடிவில் துளையிட்ட தட்டு ஒன்று சுழலும்போது ஒவ்வொரு துளையும் காட்சியின் ஒரு வரியைக் கடக்கும். அவ்வரியின் ஒளி ஏற்ற இறக்கங்களை ஒளிமின்கலம் மின்குறிப்பாக மாற்றும். 1884 இல் ஜெர்மானியரான பால் நிப்கோ காப்புரிமை பெற்ற கருத்து இது.

ஜனவரி 26, 1926 அன்று இலண்டனின் பிரித் தெருவில், ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்கள் முன் மனித முகத்தை ஒளி-நிழல் வேறுபாட்டுடன் அனுப்பிக் காட்டினார். 1928 இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் படம் அனுப்பினார். அவ்வாண்டிலேயே வண்ணப் படத்தையும் காட்டினார். 1929 முதல் பிபிசி இவரது 30 வரிப் படங்களை ஒளிபரப்பியது. ஒரு முகத்தை அடையாளம் காண முப்பது வரிகள் போதும். ஒரு நாடக மேடைக்குப் போதா.

240 வரியும் 405 வரியும்

1935 இல் அரசுக் குழு ஒன்று, படத்தில் குறைந்தது 240 வரிகள் வேண்டும் என்றும் போட்டியிடும் இரு முறைகளையும் ஒளிபரப்பிலேயே சோதிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. அதன்படி நவம்பர் 2, 1936 அன்று அலெக்சாண்டிரா அரண்மனையிலிருந்து ஒளிபரப்பு தொடங்கியது. முதல் வாரம் யாருக்கு என்பதைக் காசு சுண்டி முடிவு செய்தனர். அது பெயர்டுக்கு வாய்த்தது.

இப்போட்டியை இயந்திரத் திரைக்கும் மின்னணுத் திரைக்கும் இடையிலானதாகக் கருதுவது பொதுவான பிழையாகும். வீடுகளில் இருந்த பெட்டிகள் இரு முறைகளுக்கும் பொதுவானவை. எதிர்மின்வாய்க் கதிர்க்குழாய்த் திரை கொண்டவை. வேறுபாடு படம் பிடிக்கும் முனையிலும் வருடும் முறையிலும் இருந்தது.

பெயர்டு முறையில் நொடிக்கு 25 முழுப் படங்கள் வரிசையாக வருடப்பட்டன. இதனால் திரை சிமிட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஈ.எம்.ஐ. முறையோ ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையுமாக, நொடிக்கு 50 அரைப்படங்களைக் காட்டியது. வரிகள் கூடின, சிமிட்டலும் தணிந்தது.

படப்பிடிப்பில் வேறுபாடு இன்னும் பெரிது. ஐசக் ஷோன்பெர்க் தலைமையிலான ஈ.எம்.ஐ. குழுவின் எமிட்ரான் ஒளிப்படக்கருவி, ஒரு புள்ளி வருடப்பட்டு மீண்டும் வருடப்படும் வரை அதில் விழும் ஒளியனைத்தையும் மின்னூட்டமாகச் சேர்த்து வைத்தது. பெயர்டு தரப்பு பயன்படுத்திய, அமெரிக்கரான பார்ன்ஸ்வொர்த்தின் குழாய் வருடும் கணத்து ஒளியை மட்டுமே பயன்படுத்தியதால் அதற்கு மிகுந்த ஒளி தேவைப்பட்டது. மற்றொரு வழியில், பேசுபவர் இருட்டறையில் அமர, ஓர் ஒளிப்புள்ளி அவர் முகத்தை வருடியது. மூன்றாவது வழி இன்னும் விந்தையானது: காட்சியைப் படச்சுருளில் பதிந்து, அங்கேயே கழுவி, ஈரம் உலருமுன் வருடினர். இதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடித்தது. கழுவும் தொட்டிகளோடு பிணைக்கப்பட்ட கருவியை நகர்த்தவும் இயலாது.

எமிட்ரானும் குறையற்றதன்று. படத்தில் படர்ந்த பொய்யான நிழல்களைப் பணியாளர்கள் இடைவிடாது திருத்த வேண்டியிருந்தது. ஆனால் அதை வெளியே கொண்டுசென்று நேரடிக் காட்சி தர முடிந்தது. வரிகளின் எண்ணிக்கையை விட இதுவே முடிவைத் தீர்மானித்தது எனலாம்.

நவம்பர் 30, 1936 அன்று கிறிஸ்டல் அரண்மனை தீப்பற்றியபோது அங்கிருந்த பெயர்டு நிறுவன ஆய்வகங்களும் பெருமளவு அழிந்தன. 1937 பிப்ரவரியில் பெயர்டு முறை கைவிடப்பட்டது. 405 வரி ஒளிபரப்பு பிரித்தானியாவில் 1985 வரை நீடித்தது.

பிற்காலம்

தோல்விக்குப் பின் வண்ணத் தொலைக்காட்சியில் கவனம் செலுத்தினார். அதுவரை வண்ணத்திற்குத் திரைமுன் வடிகட்டித் தட்டு சுழல வேண்டியிருந்தது. 1944 இல் இவர் காட்டிய டெலிகுரோம் குழாயில் சுழலும் பகுதி ஏதுமில்லை. இரு மின்னணுத் துப்பாக்கிகள் ஒரே திரையின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு வண்ணங்களை ஒளிரச்செய்தன. சுழல்தட்டுக்காரர் என்றே நினைவுகூரப்படும் ஒருவரின் இப்பணி போதிய கவனம் பெறவில்லை.

1931 இல் பியானோ கலைஞர் மார்கரெட் ஆல்புவை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். போரினால் நின்றிருந்த பிபிசி தொலைக்காட்சி ஜூன் 7, 1946 அன்று அதே 405 வரிகளில் மீண்டும் தொடங்கியது. அடுத்த வாரம் பெக்ஸ்ஹில் நகரில் பெயர்டு காலமானார். உடல் ஹெலன்ஸ்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்டது.